பந்தல் போட்டு இடம் பிடிப்பது: தற்காலிகக் கட்டுமானமும் நகரம் ஒதுக்கிய மக்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் குடியிருப்போர் சங்கங்களோடும் கட்டடக்கலை மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்கிறேன். பொது இடத்தில் சில நாளோ சில மாதமோ நிற்கிற மாதிரி ஒன்றைக் கட்டி, நகரம் ஓரங்கட்டிய மக்களுக்கு அங்கே இடம் உண்டாக்குவது பற்றி எங்கே பேசினாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வருகின்றன. மாணவர் கேட்பார், கவுன்சிலர் கேட்பார், கூட்டத்தின் கடைசி வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற அம்மாவும் கேட்பார். கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் எல்லா இடத்துக்கும் இது சரிவராது. எங்கே சரிவராது என்பதும் கீழே இருக்கிறது.

தற்காலிகக் கட்டுமானம்னா என்னங்க? பந்தல் போடுறதா?

பந்தலும் அதில் சேர்த்திதான். அஸ்திவாரம் தோண்டாமல் கட்டி, பிரித்து எடுத்ததும் தரை பழையபடி ஆகிவிடுகிற எதையும் அப்படிச் சொல்லலாம். சவுக்குக் கம்பும் கீற்றும், இரும்புக் குழாயும் சாமியானாவும், மூங்கிலும் தார்ப்பாயும், காகிதக் குழாய்கூட. ஒரு மாலைப்பொழுதுக்கு நிற்கலாம், பத்து வருஷமும் நிற்கலாம். பத்து வருஷம் நின்ற ஒன்று கீழே வருகிறது.

நமக்கு இது புதிதே இல்லை. சாவு விழுந்த வீட்டு வாசலில் பொழுது விடிவதற்குள் சாமியானா ஏறிவிடும், பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிவிடும். கோடை வந்தால் முக்குக்கு முக்கு தண்ணீர்ப் பந்தல். மீன்பாடி வண்டி மிதித்து வருபவரும் ஸ்கூட்டரில் வருபவரும் அங்கே நின்று ஒரே பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். தெருவில் நான்கு கம்பு ஊன்றினால் அங்கே யார் நிற்கலாம் என்பது மாறிவிடுகிறது. இந்த வேலைக்கு அதுதான் ஆதாரம்.

பொது இடம் எல்லாருக்கும் பொதுதானே? தனியா யாரைச் சேர்க்கணும்?

காகிதத்தில் பொதுதான். ஒரு நாள் பூங்கா வாசலில் நின்று பாருங்கள். பல பூங்காக்கள் நடைப்பயிற்சிக்காரர்களுக்காகக் காலையிலும் மாலையிலும் திறந்திருக்கும். நிழல் தேவைப்படுகிற மதியத்தில் பூட்டியிருக்கும். யாரும் படுத்துவிடக் கூடாது என்று பெஞ்சுக்கு நடுவில் கம்பி வைத்திருப்பார்கள். தூய்மைப் பணியாளர் அந்தப் பூங்காவைப் பெருக்கலாம், அங்கே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் காவலாளி வருவார். திருநங்கைகள், நடைபாதையில் தூங்குகிறவர்கள், வடமாநிலத்துக் கட்டடத் தொழிலாளர்கள் எல்லாருக்கும் இதே கதைதான்.

சில சமயம் ஒதுக்கல் எதிர்த்திசையிலும் இருக்கும்: அவர்கள் இடத்துக்கு மற்றவர்கள் போகமாட்டார்கள். சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. 2015-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து அங்கேயே ஒரு விழா நடத்தினார்கள். கடலோரத்தில் மேடை போட்டு, கர்நாடக இசையும் பறையாட்டமும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் வந்தன. சபாவுக்குப் போகிறவர்கள் மணலில் வந்து உட்கார்ந்தார்கள். மேடையைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் குப்பம் அழுக்கு, அங்கே போகக் கூடாது என்று வளர்ந்த பலருக்கு வழி தெரிந்துவிட்டது.

சும்மா பேசாம, உருப்படியா ஒரு உதாரணம் சொல்லுங்க.

மும்பை, பைகுல்லா. 1980களில் அங்கே நடைபாதையில் குடிசை போட்டு வாழ்ந்த குடும்பங்களை எந்த அரசுக் கணக்கும் கணக்கில் எடுக்கவில்லை. 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. ஆனால் முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர்களை அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. எப்போது இடிக்க வருவார்களோ என்று எல்லாரும் காத்திருந்த நேரம். 1984-இல் தொடங்கிய ஸ்பார்க் அமைப்பு, சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களை அந்த மக்களையே வைத்துக் கணக்கெடுத்தது. அங்கிருந்த பெண்கள் மகிளா மிலன் என்ற பெயரில் கூடிச் சேமிக்கத் தொடங்கினார்கள். தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கிய ஜோக்கின் அற்புதம் அவர்களோடு நின்றார். கோலார் தங்கவயலில் பிறந்து பிழைப்புக்காக மும்பை போன தமிழர் அவர். 2000-இல் மகசேசே விருது பெற்றார், 2018-இல் காலமானார்.

இந்தப் பெண்கள் வீடு கேட்டு மனு மட்டும் கொடுக்கவில்லை. தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று பேசிப் பேசி முடிவு செய்து, மரச்சட்டமும் துணியும் வைத்து அதை முழு அளவில் கட்டிப் பொது இடத்தில் நிறுத்தினார்கள். உள்ளே நுழைந்து நடந்து பார்க்கலாம். அவர்கள் தேர்ந்தெடுத்த வீட்டுக்கு 14 அடி உயரம், பாதி உயரத்தில் ஒரு பரண். தரைப்பரப்பு கொஞ்சமாகத்தான் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மேலே ஏறினார்கள். பரணில் பிள்ளைகள் தூங்கலாம், கீழே சமைக்கலாம், வேலையும் பார்க்கலாம். வேறு ஊர்களிலிருந்து வந்த குடிசைவாசிகளும் அதிகாரிகளும் அந்தத் துணிச் சுவருக்குள் நின்று, வீட்டைத் திட்டமிட்ட பெண்களிடமே கேள்வி கேட்டார்கள்.

1995-இல் வந்த மகாராஷ்டிரக் குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டத்தில் நடைபாதைவாசிகளுக்கும் வீடு பெறும் தகுதி கிடைத்தது. துணி வீடு ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்லமாட்டேன். பத்து வருஷச் சேமிப்பு, கணக்கெடுப்பு, ஓயாத பேச்சுவார்த்தை எல்லாம் சேர்ந்த விளைவு அது. ஆனால் "இவர்களுக்கு என்ன தெரியும்" என்ற எண்ணத்தோடு வந்தவர்களை வாயடைக்க வைத்ததில் அந்த வீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிளான் வரைஞ்சு காட்டினா போதாதா? எதுக்கு முழு அளவுல கட்டிப் பார்க்கணும்?

வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? படித்தவர்களே ஃப்ளாட் வாங்கும்போது தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, குடிபோன பிறகு கட்டில் நுழையவில்லை என்று புலம்புகிறார்கள். தாளில் பத்துக்குப் பத்து என்று எழுதியிருந்தால் அது ஒரு எண். அதே அளவைக் கயிற்றால் தரையில் கட்டி, சுற்றிச் சேலையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உடனே பேச்சு மாறும். "அடுப்பு இங்க வந்தா புகை கதவுப் பக்கம் போகும்." "அம்மாவால ஏணி ஏற முடியாது, அவங்க எங்க படுப்பாங்க?" அதுவரை வாய் திறக்காதவர்கள்தான் அதிகம் பேசுவார்கள்.

இன்னொன்று, வரைபடத்தில் தவறு இருந்தால் அதைத் திருத்த ஆர்க்கிடெக்ட் வேண்டும். துணிச் சுவரைத் திருத்த ஒரு கை போதும். ஒரு அடி தள்ளிக் கட்டிவிட்டு மறுபடி நின்று பார்க்கலாம். யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே அங்கே மாறிவிடுகிறது.

கழிப்பறையை வச்சுத் திருவிழா நடத்தினாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம்தான். ஸ்பார்க், மகிளா மிலன், தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு என்ற அதே மூன்று அமைப்புகளும் இந்திய நகரங்கள் பலவற்றில் கழிப்பறைத் திருவிழா நடத்தின. முழு அளவில் மாதிரிக் கழிப்பறை கட்டி வைத்து, ஊரைக் கூட்டி, அதிகாரிகளையும் அழைத்துக் கொண்டாடினார்கள். வெட்கப்பட்டு மறைத்துப் பேசுகிற விஷயத்தைப் பட்டப்பகலில் நடுவீதிக்குக் கொண்டுவந்தது பெரிய துணிச்சல் என்பேன்.

அங்கே பெண்கள் வைத்த யோசனைகளைப் பாருங்கள். பெரியவர்களோடு வரிசையில் நின்றால் குழந்தைகளைத் தள்ளிவிடுகிறார்கள், இருட்டறைக்குள் போகக் குழந்தைகள் பயப்படுகிறார்கள். எனவே குழந்தைகளுக்குத் தனியாக, திறந்த, சின்ன அளவுக் கழிப்பறை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க மேலே ஓர் அறை. 1999-இல் புனே மாநகராட்சி பெரிய அளவில் சமுதாயக் கழிப்பறைகள் கட்டத் தொடங்கியபோது இந்த யோசனைகள் நிஜக் கட்டடமாயின. 2001 ஜூனில் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முகப்புக் கூடத்திலேயே மாதிரி வீட்டையும் கழிப்பறையையும் கட்டி நிறுத்தினார்கள். அப்போதைய பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் வந்து பார்த்தார்.

ஆர்க்கிடெக்ட்டுக்கு இதுல வேலையே இல்லையா அப்போ?

நிறைய இருக்கிறது. ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகெரு பான் செய்ததைச் சொல்கிறேன். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் பெரும் நிலநடுக்கம். நகாடா வட்டாரத்தில் இருந்த வியட்நாமிய அகதிகள் பூங்காவில் பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே தங்கினார்கள். அரசு கொடுத்த தற்காலிக வீடுகள் தொலைவில் இருந்தன. இவர்களுக்கு வேலை அந்த வட்டாரத்துச் செருப்புத் தொழிற்சாலைகளில். பிழைப்பை விட்டுப் போக முடியாது. அக்கம்பக்கத்தாரோ பூங்கா சேரியாகிறது என்று முறையிட்டார்கள். நம் ஊர் நிலவரம் போலவே இருக்கிறதா?

அந்த அகதிகளுக்காகப் பான், காகிதக் குழாயைச் சுவராக நிறுத்தி வீடுகள் வடிவமைத்தார். அடித்தளம், மணல் மூட்டை நிரப்பிய பீர் பெட்டிகள். மேலே கூடாரத் துணி. பிரித்தால் குழாயை மறுசுழற்சிக்குப் போடலாம். பார்க்க ஒழுங்காக இருந்ததால் அக்கம்பக்கத்து எதிர்ப்பும் தணியும் என்பது அவர் கணக்கு. எரிந்துபோன தகாதோரி தேவாலயம் இருந்த இடத்தில், 58 காகிதக் குழாய்களை நீள்வட்டமாக நிறுத்தி, 10 மீட்டருக்கு 15 மீட்டரில் ஒரு கூடமும் எழுந்தது. ஒவ்வொரு குழாயும் 5 மீட்டர் உயரம். 160 தன்னார்வலர்கள் ஐந்து வாரத்தில் கட்டினார்கள். தேவாலயமாகவும் அந்த வட்டாரத்துக்கே கூடும் இடமாகவும் 2005 வரை நின்றது. நான் முதலில் சொன்ன பத்து வருஷக்காரர் இவர்தான். அப்புறம் பிரித்துக் கப்பலேற்றி, நிலநடுக்கத்தைப் பார்த்த இன்னொரு ஊரான தைவானின் பூலிக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள்.

ரெண்டு நாள்ல பிரிக்கப் போறதுக்கு எதுக்குக் காசு? அதே காசுல நிரந்தரமா ஒண்ணு கட்டலாமே?

கட்ட முடிந்தால் கட்டுங்கள். நிலம் இருக்கிறது, அனுமதி இருக்கிறது, என்ன வேண்டும் என்று மக்களுக்குத் தெளிவாகத் தெரியும் என்றால் பந்தலுக்கு வேலை இல்லை. குழாயடி உடைந்து கிடக்கிற தெருவில் கலைநயத்தோடு ஒரு கூடாரம் கட்டினால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயம்.

நிலம், அனுமதி, தெளிவு இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இல்லாதபோதுதான் தற்காலிகம் கைகொடுக்கும். பட்டா இல்லாத இடத்தில் செங்கல் வைத்தால் மறுநாள் ஜேசிபி வரும். கம்பு ஊன்றினால் பேச்சுக்கு இடம் இருக்கும். என்ன வேண்டும் என்று தெருவே இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது, இரண்டையும் கட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். பைகுல்லாவில் நடந்தது இதன் பெரிய வடிவம்.

கண்ணகி நகர் மாதிரி சுவருல படம் வரைஞ்சா போதாதா? செலவும் கம்மி.

கண்ணகி நகரில் 2020 முதல் வரைந்த பெரிய ஓவியங்கள் அழகானவை, அங்குள்ள பிள்ளைகள் அவற்றைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். பெருமை சின்ன விஷயமில்லை. ஆனால் நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டு அங்கே போனவர்களின் முதல் கவலை, பழைய வேலைக்குப் போய்வர ஆகிற பஸ் நேரம். கோபே அகதிகள் பயந்ததும் அதற்குத்தான். சுவரில் ஓவியம் இருந்தால் பார்க்கலாம். கூரைக்குக் கீழே உட்காரலாம், கூட்டம் போடலாம், கடை விரிக்கலாம், பிள்ளையைத் தூங்க வைக்கலாம். இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நினைக்க வேண்டாம்.

யார்கிட்ட அனுமதி வாங்கணும்? வாங்காம கட்டினா என்ன ஆகும்?

சென்னையில் தெரு, நடைபாதை, மைதானம் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம், உள்ளூர்க் காவல் நிலையம். வண்டி போகிற பாதை அடைபட்டால் போக்குவரத்துக் காவல். கூட்டம் பெரிதானால் தீயணைப்புத் துறை. விளக்கு, மைக் இருந்தால் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு; பக்கத்து மின்கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். விண்ணப்பத்தில் எந்தத் தேதி கட்டுகிறோம், எந்தத் தேதி பிரிக்கிறோம், பிரிக்கிற பொறுப்பு யாருடையது என்று எழுதினால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். கவுன்சிலரைக் கடைசி நாளில் பொன்னாடை போர்த்த மட்டும் கூப்பிடாமல் முதல் வாரமே போய்ப் பாருங்கள்.

சட்டத்தின் சந்துக்குள் நுழைந்து கட்டியவர்களும் உண்டு. ஸ்பெயினின் செவில்யா நகரத்தில் 1997-இல் சாந்தியாகோ சிருகேதா என்ற கட்டடக்கலைஞர், கட்டடக் கழிவுத் தொட்டி வைக்க உரிமம் வாங்கி, அந்தத் தொட்டியையே பிள்ளைகள் விளையாடும் இடமாக்கினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாட்டினால் படித்த கட்டடக்கலைஞர் அபராதத்தோடு தப்பிப்பார். குடிசைவாசிக்கு ஆதார் அட்டையிலிருந்து விசாரணை ஆரம்பிக்கும். அந்த ஆபத்தைச் சுமக்கப் போவது யார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

நடைபாதைக் கடைக்கு நிழல் போட்டுக் கொடுத்தா ஆக்கிரமிப்புன்னு தூக்கிட மாட்டாங்களா?

தூக்க வருவார்கள், ஆனால் சட்டம் முழுவதும் அவர்கள் பக்கம் இல்லை. 2014-இன் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி, கணக்கெடுப்பை முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களை அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எனவே நிழற்கூரைக்கான மாதிரியை அந்தக் குழுவின் முன்னால் வையுங்கள்.

சைஸ் முக்கியம். நடக்கிறவர்களுக்கு வழி விட்டு, மாலையில் மடக்கி வைக்கிற மாதிரி இருக்கட்டும். சக்கர நாற்காலி போக இடமில்லாமல் ஒரு கூரை போட்டால், ஒருவரைச் சேர்க்க இன்னொருவரைத் தள்ளியதாகிவிடும்.

தீப்பிடிச்சா? காத்துக்குச் சரிஞ்சா? யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நின்று பதில் சொல்வேன். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் தீப்பற்றி, 48 பேர் இறந்துபோனார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பந்தல் எரிந்து மணமகன் உட்படப் பலர் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். தற்காலிகம் என்பதால் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு நாம் கொடுத்த விலை இது.

ஆகவே கூட்டம் சேரும் இடத்தில் காய்ந்த கீற்று வேண்டாம். தகரமோ தீப்பிடிக்காத துணியோ போடுங்கள். வெளியேற எதிரெதிராக இரண்டு அகலமான வழி. ஒயரைக் கம்போடு சேர்த்துக் கட்டவே கூடாது. சமையல் பந்தலுக்கு வெளியே, காற்று வீசும் திசை பார்த்து. பக்கவாட்டுத் துணியை முழுதாக மூடிக் கட்டினால் காற்று பாய்மரம் போலத் தூக்கும். மேல்பாதியைத் திறந்து விடுங்கள். தார்ச்சாலையில் குழி போட முடியாது என்பதால் காலுக்கு மணல் மூட்டையோ தண்ணீர் டிரம்மோ வையுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை சென்னையில் திறந்தவெளியில் உயரமாக எதையும் நிறுத்தாமல் இருப்பது நல்லது. பொறுப்பு யாருடையது என்பது அனுமதிக் கடிதத்தில் இருக்கும் பெயர். அந்த இடத்தில் ஏழைகள் சங்கத்தின் பெயரைப் போட்டுவிட்டு, பணம் கொடுத்த அமைப்பு ஒதுங்கிக்கொள்வதை ஏற்காதீர்கள்.

அவங்களுக்காகத்தானே செய்யுறோம்? கூலி எதுக்குக் கொடுக்கணும்?

நீங்கள் சம்பளம் வாங்குகிறீர்களா? அப்படியானால் அவர்களும் வாங்க வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டு வருவது மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு. கொத்து வேலைக்காரருக்கு அன்றைய அரிசி.

2013 கோடையில் சுவிஸ் கலைஞர் தாமஸ் ஹிர்ஷ்ஹார்ன் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஃபாரஸ்ட் ஹவுசஸ் என்ற பொதுக் குடியிருப்பின் புல்வெளியில், இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்ஷியின் பெயரில் ஒன்று கட்டினார். ஒட்டுப்பலகை, பேக்கிங் டேப், பிளாஸ்டிக் தாள். உள்ளே நூலகம், வானொலி நிலையம், தினசரி அச்சாகும் செய்தித்தாள், மேடை, கணினி மூலை, சிற்றுண்டிக் கடை. கட்டியதும் நடத்தியதும் பெரும்பாலும் அங்கே குடியிருந்தவர்கள், மணிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு. செப்டம்பர் நடுவில் பிரித்தபோது பொருட்களைக் குடியிருப்பாளர்களுக்கே குலுக்கலில் கொடுத்தார்கள். அவருடைய கலை பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. கூலி விஷயத்தில் அவர் செய்தது சரி.

கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டோம், பத்துப் பேர்தான் வந்தாங்க. மக்களுக்கே ஆர்வம் இல்லன்னா நாங்க என்ன செய்ய?

எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? காலை பதினோரு மணிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வேலையில்லாத ஆண்களும் கட்சிக்காரர்களும்தான். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் மூன்று மணிக்கு மேல் திரும்புவார்கள், தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் உட்காருவார்கள். அவர்கள் உட்காருகிற படிக்கட்டுக்கு நீங்கள் போங்கள்.

அதைவிட முக்கியம், எதை அவர்கள் கையில் கொடுத்தீர்கள் என்பது. நீல நிறமா பச்சை நிறமா என்று கேட்டால் யாருக்கும் ஆர்வம் வராது. பட்ஜெட்டைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி, இதில் எதை வெட்டலாம் என்று கேளுங்கள். எங்கள் பகுதியில் ஒரு முறை அப்படி ஒட்டியபோது, திறப்பு விழாவுக்கு வைத்திருந்த தொகையை ஒரு பாட்டி விரலால் தொட்டுக் காட்டி, "இத எடுத்துட்டு ரெண்டு ஃபேன் போடு" என்றார். போட்டோம்.

இப்படியெல்லாம் அழகு பண்ணினா வாடகை ஏறி ஏழைகளைத்தானே துரத்துவாங்க?

நியாயமான பயம். லண்டனில் ஹாக்னி விக் பகுதியில் 2011-இல் அசெம்பிள் குழு ஒரு மேம்பாலத்துக்குக் கீழே தற்காலிகச் சினிமாக் கூடம் கட்டியது. கைவிடப்பட்டுக் கிடந்த இடத்துக்கு ஒரு கோடை முழுக்க மக்கள் வந்தார்கள், பின்னாளில் அந்த இடத்துக்கு நிரந்தர வசதிக்கான பணமும் வந்தது. மறுவருஷம் ஒலிம்பிக்ஸ் பக்கத்திலேயே நடந்தது. அந்த வட்டாரத்தில் விலை ஏறியது, மலிவு வாடகைக்கு இருந்த பலர் கிளம்ப வேண்டியதாயிற்று. ஏற்றியது சினிமாக் கூடம் இல்லை, ஒலிம்பிக்ஸ் முதலீடு. ஆனால் இந்த மாதிரிக் கட்டுமானங்கள் அந்த இடத்தைக் கண்ணில் படவைக்கின்றன என்பதை மறுக்க முடியாது.

தடுக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: கட்டுமானத்தோடு குடியிருப்பு உரிமைக்கான வேலையும் சேர்ந்து போக வேண்டும். கணக்கெடுப்பு, ரேஷன் கார்டு, ஒதுக்கீட்டு ஆணை. பைகுல்லாப் பெண்கள் கணக்கெடுப்புக்குப் பிறகுதான் துணி வீடு கட்டினார்கள் என்ற வரிசையைக் கவனியுங்கள்.

தற்காலிகம்னு சொல்லியே வருஷக்கணக்கா எங்கள விட்டுட்டாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

2004 சுனாமிக்குப் பிறகு கடலோர மக்களைத் தார் ஷீட் கொட்டகைகளில் தங்க வைத்தார்கள். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. சீக்கிரம் வீடு வரும் என்று சொன்னார்கள். பல குடும்பங்களுக்கு அந்தச் சீக்கிரம் நீண்டுகொண்டே போனது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அதை அனுபவித்தவர்கள். அவர்களிடம் நான் தற்காலிகக் கட்டுமானத்துக்காக வாதாடுவதில்லை.

கூடுவதற்கும் காட்டுவதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் தற்காலிகம் நல்லது. குடியிருக்க வீடு, கழிப்பறை, குடிநீர் இவற்றுக்கு அவசரத்தில் மட்டும்தான் தற்காலிகம். அதிலும் முடிவுத் தேதியும் அடுத்த வீட்டின் முகவரியும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லையென்றால் உள்ளே போகும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

நல்லா நடந்துகிட்டு இருக்கிறத அரசே பிரிச்சுப் போட்டா?

நடந்திருக்கிறது. பாரிஸை ஒட்டிய கொலோம்ப் நகரத்தில் ஆஆஆ (aaa) என்ற கட்டடக்கலைக் குழு, அடுக்குமாடிக் குடியிருப்பு மக்களோடு சேர்ந்து அக்ரோசிட்டே என்ற தோட்டத்தையும் கூடத்தையும் நடத்திவந்தது. புதிதாக வந்த நகர நிர்வாகத்துக்கு அங்கே கார் நிறுத்துமிடம் வேண்டியிருந்தது. நீதிமன்றம் போயும் நிற்கவில்லை. ஆனால் கழற்றி மாட்டும்படி கட்டியிருந்ததால் 2017-இல் பிரித்து, பக்கத்து நகரமான ஜென்வில்லியேவில் மறுபடி எழுப்ப முடிந்தது. தோட்டத்தில் வேலை செய்த எல்லாராலும் அங்கே போக முடியாது, அந்த இழப்பு இழப்புதான். ஆணி அடிக்காமல் போல்ட் போட்டுக் கட்டுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுதான் காரணம்.

எங்க தெருவுல சின்னதா ஒண்ணு ஆரம்பிக்கணும். எங்கிருந்து தொடங்க?

ஒரு வாரம் எதையும் கட்டாமல் பாருங்கள். யார் எந்த நேரத்தில் எங்கே உட்காருகிறார்கள், யாரை எழுப்பிவிடுகிறார்கள், தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது, பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து எங்கே பை போடுகிறார்கள். அப்புறம் முழு அளவுக் கயிற்றுக் கோடு, மேலே சொன்ன சேலைச் சுவர். அந்தக் கட்டத்தில் செலவு ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது, தவறு தெரிந்தால் அன்றைக்கே அவிழ்த்துவிடலாம்.

உங்கள் பகுதிப் பந்தல்காரரை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். எந்த முக்கில் காற்று சுழலும், எந்த இடத்தில் கேபிள் புதைந்திருக்கிறது, எந்த வீட்டுக்காரர் சுவரில் கயிறு கட்ட விடமாட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாணவர்கள் வரைவதை அவர் பார்த்துத் திருத்தட்டும், அதற்கும் கூலி கொடுங்கள். பிரித்த பிறகு கம்பும் தகரமும் யார் பொறுப்பில், எந்த இடத்தில் இருக்கும் என்பதைக் கட்டும் முன்பே சங்கத்தின் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த மழைக்கு அவை தேவைப்படும்.